ஷெனானிகன்ஸ்: வழக்குப் போடாத குற்றச்சாட்டு

குறும்பைச் சொல்ல ஆங்கிலப் பேச்சுவழக்கில் உள்ள சொற்களில் ‘ஷெனானிகன்ஸ்’ ஒன்று. ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் பையன்கள் ஆடும் கூத்துக்கும் அது பொருந்தும். பங்குச் சந்தையில் உள்ள ஒரு நிறுவனம் லாபக் கணக்கைத் திருத்தி எழுதுவதற்கும் பொருந்தும். மெரியம் வெப்ஸ்டர் அகராதி உள்நோக்கமுள்ள தந்திரத்தை முதல் பொருளாகவும், கும்மாளத்தைக் கடைசிப் பொருளாகவும் வைத்திருக்கிறது. நமக்குத் ‘தில்லுமுல்லு’, ‘தகிடுதத்தம்’ என்று சொன்னால் விளங்கிவிடும். தில்லுமுல்லு 1981-ல் ஒரு நகைச்சுவைப் படத்துக்கும் தலைப்பாக இருந்தது, தேர்தல் முறைகேட்டுச் செய்திக்கு இன்றும் தலைப்பாக இருக்கிறது. ஒரே சொல் சிரிப்புக்கும் சிறைக்கும் நடுவே இப்படி ஏன் ஊசலாட வேண்டும்? சொல்லுவோர் சோம்பலால் அப்படி நேர்வதாக எனக்குத் தோன்றவில்லை. குற்றத்தின் பெயரைச் சொல்லாமலே குற்றம் நடந்திருக்கிறது என்று சொல்ல வேண்டிய தேவை மனிதர்களுக்கு அடிக்கடி வருகிறது. அந்தத் தேவைக்கு வாய்த்த சொல் இது. அது பிறந்த ஊரும் காலமும் இதையே சொல்கின்றன.

இச்சொல்லின் மிகப் பழைய அச்சுப் பதிவுகள் கலிபோர்னியாவில் கிடைக்கின்றன. 1855 ஏப்ரலில் சான் பிரான்சிஸ்கோவின் ‘டவுன் டாக்’ பத்திரிகையில் இது வருகிறது. ஒருவர் சொன்னதை மற்றவர் நம்பலாமா, உள்ளே ஏதும் ஏமாற்று இல்லையே என்று உறுதி கேட்கும் தொனியில் வருகிறது. அப்போது அது ஒருமையில், ‘ஷெனானிகன்’ என்று வழங்கியது. ‘கள்ளத்தனம்’ என்பது போல எண்ணிக்கைக்கு அகப்படாத பெயர்ச்சொல். இன்று எல்லாரும் சொல்லும் பன்மை வடிவம் பின்னால் நிலைத்தது. எழுத்துக்கூட்டலும் தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு விதமாக இருந்தது. காதால் கேட்ட சொல்லை எழுதத் தெரிந்தபடி எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஊர் அப்போது எப்படி இருந்தது? 1848 ஜனவரி 24 அன்று சட்டர் ஆலையின் நீரோடையில் ஜேம்ஸ் மார்ஷல் தங்கத் துணுக்குகளைக் கண்டார். அப்போது சான் பிரான்சிஸ்கோவில் ஏறத்தாழ ஆயிரம் பேர்தான் இருந்தார்கள். நான்கே ஆண்டுகளில் மக்கள்தொகை முப்பதாயிரத்தைத் தாண்டியது. பஞ்சத்துக்குத் தப்பிய அயர்லாந்துக்காரர்கள், 1848 புரட்சி தோற்றபின் புறப்பட்ட ஜெர்மானியர்கள், மெக்சிகோவின் சொனோராவிலிருந்தும் சிலியிலிருந்தும் வந்த சுரங்கத் தொழிலாளர்கள், சீனர்கள், பிரெஞ்சுக்காரர்கள், இவர்களோடு அமெரிக்காவின் கிழக்குக் கரையிலிருந்து கப்பலேறியவர்கள் எல்லாம் ஒரே சேற்றுத் தெருவில் கடை விரித்தார்கள். யாருக்கும் யாருடைய பூர்வீகமும் தெரியாது. பேர் மாற்றிக்கொண்டு வந்தவனிடம் பழைய பேரைக் கேட்பது நாகரிகமில்லை என்று கருதப்பட்ட ஊர் அது. விற்கப்போகும் சுரங்கத்தின் பாறையில் தங்கத் தூளைத் துப்பாக்கியில் அடைத்துச் சுட்டு, இங்கே தங்கம் விளைகிறது என்று நம்பவைக்கும் வித்தைக்குத் தொழில்மொழியில் ‘சால்ட்டிங்’ என்ற தனிப்பெயரே இருந்தது.

இவற்றையெல்லாம்விடப் பெரிய வித்தைகள் நகர மன்றத்தில் நடந்தன. ஹென்றி மெய்க்ஸ் என்று ஒருவர். மர வியாபாரி, நகர மன்ற உறுப்பினர், கடலுக்குள் நீளமான துறைமேடை கட்டியவர். ஊரார் அவருக்கு வைத்த பட்டப்பெயர் ‘நேர்மையான ஹாரி’. நகரின் வடபகுதியில் மனை வாங்கிக் குவித்தார், விலை ஏறவில்லை. கடனை அடைக்க, நகராட்சியின் கடன் பத்திரங்களைக் கள்ளத்தனமாக நிரப்பி ஈடு வைத்தார். அதிகாரிகள் வேலை எளிதாகட்டும் என்று வெற்றுப் பத்திரங்களில் முன்கூட்டியே கையெழுத்திட்டு வைத்திருந்தது அவருக்கு வசதியாயிற்று. 1854 அக்டோபரில் குடும்பத்தோடு ஒரு கப்பலில் ஏறிச் சிலிக்குப் போய்விட்டார். அவரிடம் கொஞ்சம் முன்பே சந்தேகம் கொண்டு கடனைக் குறைத்துக்கொண்ட வங்கி மேலாளர் ஒருவர் தப்பித்தார். அவர் வில்லியம் டெகம்சே ஷெர்மன், பின்னாளில் உள்நாட்டுப் போரின் புகழ்பெற்ற தளபதி. மெய்க்ஸ் கதை சிறையில் முடியவில்லை. சிலியிலும் பெருவிலும் ரயில்பாதை போடும் பெரும் ஒப்பந்தக்காரராகி, ஆண்டிஸ் மலைமேல் ரயிலை ஏற்றி, 1877-ல் லிமாவில் செல்வாக்கோடு செத்தார்.

அவர் ஓடிய நான்கு மாதத்தில் வங்கிகள் சரிந்தன. 1855 பிப்ரவரி 22 அன்று பேஜ், பேக்கன் வங்கி கதவை மூடியது. மறுநாள் ஆடம்ஸ் அண்ட் கம்பெனி மூடியது. அந்த வெள்ளிக்கிழமையை ஊர் ‘கறுப்பு வெள்ளி’ என்றே நினைவில் வைத்தது. ஆடம்ஸ் நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்த தங்கம் எங்கே போயிற்று என்று ஆண்டுக்கணக்கில் வழக்கு நடந்தது. ‘ஷெனானிகன்’ அச்சில் தலைகாட்டியது இதற்கு இரண்டு மாதம் கழித்து. வங்கிச் சரிவுதான் சொல்லைப் பெற்றது என்று நான் வாதிடவில்லை. அச்சில் ஏறும் முன்பே அது வாய்களில் பழகியிருக்கும். ஆனால் எல்லாருக்கும் ஏதோ நடக்கிறது என்று தெரிந்து, யாராலும் இன்ன குற்றம், இன்னார் செய்தார் என்று நிறுவ முடியாத ஓர் ஊரில் இத்தகைய சொல்லுக்குக் கிராக்கி இருந்திருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டாம்.

குற்றத்தைப் பெயர் சொல்லி எழுதுவதற்கு அங்கே என்ன விலை என்பதை அடுத்த ஆண்டு காட்டியது. ஆடம்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து கையைச் சுட்டுக்கொண்ட வங்கியாளர் ஜேம்ஸ் கிங் ஆஃப் வில்லியம், 1855 அக்டோபரில் ‘டெய்லி ஈவினிங் புல்லட்டின்’ என்ற பத்திரிகையைத் தொடங்கினார். (அவர் பெயரில் வில்லியம் என்பது தந்தையின் பெயர். ஊரில் வேறு ஜேம்ஸ் கிங்குகள் இருந்ததால், நம்முடைய இனிஷியல் மாதிரி அப்பா பேரைச் சேர்த்துக்கொண்டார்.) ஊழல்காரர்களைப் பெயர் குறித்தே எழுதினார். நகர அரசியல்வாதி ஜேம்ஸ் கேசி நியூயார்க்கின் சிங் சிங் சிறையில் தண்டனை அனுபவித்தவர் என்று எழுதிய அன்றே, 1856 மே 14-ல், கேசி அவரைத் தெருவில் வைத்துச் சுட்டார். ஆறு நாள் கழித்து கிங் இறந்தார். ஆயிரக்கணக்கானோர் திரண்டு கண்காணிப்புக் குழு அமைத்துச் சட்டத்தைத் தங்கள் கையில் எடுத்து, மே 22 அன்று கேசியைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் குழு கைப்பற்றிய பொருள்களில் ஒன்று, அடியிலும் பக்கத்திலும் ரகசிய அறை வைத்த வாக்குப் பெட்டி. உள்ளே முன்கூட்டியே சீட்டு நிரப்பலாம், பார்வைக்குக் காலிப் பெட்டி. நாகரிகமான மொழியில் சொன்னால், ஷெனானிகன்.

இனி, சொல்லின் பூர்வீகம். அகராதிகள் ‘தெரியவில்லை’ என்று எழுதிவிட்டுச் சில வாய்ப்புகளை அடுக்குகின்றன. அயர்லாந்து மொழியில் ‘சியொன்னக்’ என்றால் நரி. அதன் எழுத்து ‘ச’கரம், ஒலிப்பு ‘ஷ’கரம். அதிலிருந்து பிறந்த ஒரு வினை, ‘நரித்தனம் செய்கிறேன்’ என்று பொருள்படுவது, இச்சொல்லுக்குத் தாய் என்பது மிகவும் பரவிய கதை. அடுத்தது ஸ்பானிய ‘சானாடா’, ‘சர்ரானாடா’ என்பதன் சுருக்கம், பொருள் ஏமாற்று. மூன்றாவது, ஜெர்மன் நாடோடி வணிகர்களும் திருடர்களும் பேசிய குழூஉக்குறியில் வேலையை, கைத்திறனைக் குறித்த ‘ஷெனிகெலாய்’. நான்காவது, இங்கிலாந்தின் கிழக்கு ஆங்கிலியா வட்டாரத்தில் கோமாளித்தனம் செய்வதைச் சொல்லும் ‘நானிக்கிங்’.

பொதுவாக ஒரு சொல் முதலில் எங்கே பதிவானது என்று தெரிந்தால் பூர்வீகத் தேடல் சுருங்கும். இங்கே நேர்மாறு. அயர்லாந்து மொழி, ஸ்பானியம், ஜெர்மன், ஆங்கில வட்டாரப் பேச்சு எல்லாம் 1850-களின் சான் பிரான்சிஸ்கோவில் ஒரே மதுக்கடையில் ஒலித்தன. எனவே இடத்தை வைத்து எதையும் தள்ள முடிவதில்லை, எதையும் உறுதிசெய்யவும் முடிவதில்லை.

நரிக் கதை அழகானது. அழகுதான் அதன்மேல் எனக்குச் சந்தேகத்தைக் கிளப்புகிறது. பழைய அயர்லாந்து அகராதிகள் வினைச்சொற்களைத் தன்மை ஒருமையில் தலைச்சொல்லாகத் தருவது வழக்கம். ‘நரித்தனம் செய்கிறேன்’ என்ற அந்த வடிவம் அகராதியின் வசதிக்கு நிற்பது. பக்கத்தில் நிற்பவனின் கள்ளத்தனத்தைச் சுட்டும் தொழிலாளி ‘செய்கிறேன்’ என்ற வடிவத்தை எடுத்து ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லாக்கியிருப்பானா? அகராதியைப் புரட்டித் தேடிய பிற்காலத்தவர் ஒருவருக்கு அந்த வடிவம் கண்ணில் பட்டிருக்கும் என்பதே நம்பத் தகுந்ததாக இருக்கிறது. ஸ்பானியச் சொல்லுக்குப் பொருள் பொருந்துகிறது, வால் பொருந்தவில்லை. ‘இகன்’ எங்கிருந்து ஒட்டியது என்பதற்கு விடையில்லை. ஜெர்மன் சொல்லுக்கு ஒலி ஓரளவு நெருக்கம், ஆனால் வேலை என்ற பொருளிலிருந்து வஞ்சனைக்கு வர ஒரு பாலம் வேண்டும்.

இந்த வாலைப் பற்றிச் சொல்ல ஒன்று உண்டு. ஃப்ளானிகன், பிரானிகன், மிலிகன், ஃபின்னிகன் என்று அயர்லாந்துக் குடும்பப் பெயர்கள் பல இப்படி முடிகின்றன. மூலச்சொல் எதுவாக இருந்தாலும், அது வாய்க்கு வாய் போகையில் அயர்லாந்துப் பெயர் போல உருக்கொண்டிருக்கக் கூடும். அந்நாளில் அமெரிக்காவில் அயர்லாந்துக் குடியேறிகளைக் குடிகாரர்களாகவும் எத்தர்களாகவும் சித்திரிப்பது சாதாரணம். வேறு எங்கிருந்தோ வந்த ஏமாற்றுச் சொல்லுக்கு அவர்கள் சாயலைப் பூசியதில் பேசுவோரின் ஏளனம் கலந்திருக்கலாம். 1898 வாக்கில் லண்டன் செய்தித்தாள்களில் ‘ஹூலிகன்’ பரவியபோதும் அயர்லாந்துக் குடும்பப் பெயர்தான் ரவுடிக்குப் பொதுப்பெயர் ஆனது. இன்று உலகின் பல நகரங்களில் அயர்லாந்துப் பாணி மதுக்கூடங்கள் ‘ஷெனானிகன்ஸ்’ என்று பெருமையோடு பலகை மாட்டுகின்றன. ஏளனத்தைக் கொண்டாட்டமாக்கிக் காசு பார்க்கும் சாமர்த்தியம் என்று அதைச் சொல்லலாம்.

தன் மொழியிலிருந்தே எல்லாச் சொல்லும் போனது என்று நிறுவும் ஆசை நமக்கு மட்டும் உரியதில்லை. டேனியல் கேசிடி 2007-ல் வெளியிட்ட ‘ஹவ் தி ஐரிஷ் இன்வென்டட் ஸ்லாங்’ என்ற நூல் அமெரிக்கக் கொச்சைச் சொற்கள் பலவற்றுக்கு அயர்லாந்து மூலம் கற்பித்தது. வாசகர்கள் வரவேற்றார்கள், அமெரிக்கப் புத்தக விருதும் கிடைத்தது. சொல்லியல் அறிஞர்கள் ஏற்கவில்லை. ஒலி ஒற்றுமை ஒன்றை வைத்துக்கொண்டு, இடைக்காலச் சான்று எதுவும் இல்லாமல் பாய்கிறார் என்பது அவர்கள் குறை. தமிழில் இந்த ஆட்டம் எப்படி ஆடப்படுகிறது என்பதை வாசகர் அறிவார்.

கலிபோர்னியாவிலிருந்து சொல் சுரங்கக்காரர்களோடு கிழக்கே நகர்ந்தது. 1861-ல் அண்ணன் ஓரியனோடு நெவாடாவுக்குப் போய் வெள்ளிச் சுரங்கப் பங்குகளில் கைவைத்த சாமுவேல் கிளெமென்ஸ், அதாவது மார்க் ட்வெய்ன், 1862-ல் எழுதிய கடிதம் ஒன்றில் இச்சொல்லைக் கையாள்கிறார். சுரங்கப் பங்கில் ஏமாறாதவர் குறைவு. அந்த அனுபவத்தின் சொல்லாகவே அது அவரிடம் வந்திருக்கும். வேடிக்கை என்னவென்றால், அதே ஆண்டு அக்டோபரில், வர்ஜீனியா சிட்டியின் ‘டெரிடோரியல் என்டர்பிரைஸ்’ நாளிதழில் நிருபராகச் சேர்ந்திருந்த அவர், கல்லாகிப்போன மனித உடல் ஒன்று மலையில் கண்டெடுக்கப்பட்டதாக ஒரு புளுகுச் செய்தி எழுதினார். உடலின் கைகளும் விரல்களும் இருந்த நிலையைத் துண்டுதுண்டாக விவரித்திருந்தார். சேர்த்துப் பார்த்தால், அந்தக் கல் மனிதன் வாசகரைப் பார்த்து மூக்கில் கட்டைவிரல் வைத்துப் பழித்துக் காட்டுகிறான் என்று தெரியும். பல பத்திரிகைகள் அதைக் கவனிக்காமல் எடுத்துப் போட்டன. பங்கு விற்றவனின் ஏமாற்றும் நிருபரின் புளுகும் ஒரே சொல்லுக்குள் அடங்கியதில் அந்நாளில் யாரும் முரண் காணவில்லை.

ஆங்கிலத்தில் இப்படி நடந்த சொற்கள் வேறும் உண்டு. ஸ்காட்லாந்தில் கற்பு பிறழ்ந்த நடத்தையைக் குறித்த ‘ஸ்கல்டடரி’, அமெரிக்காவில் ‘ஸ்கல்டகரி’யாகி அரசியல் சூழ்ச்சியைக் குறிக்க வந்தது. ‘ஹாங்கி பாங்கி’ எதிர்த்திசையில் போயிற்று. 1840-களில் ஏமாற்று வித்தை, இன்று பெரும்பாலும் கள்ள உறவு. குறும்புக்குரிய முறையான சொல்லாகிய ‘மிஸ்சீஃப்’ மிக நீண்ட தூரம் இறங்கி வந்தது. பழைய பிரெஞ்சில் அதன் பொருள் கெட்ட முடிவு, பேரிழப்பு. இன்று குழந்தையின் கண்ணில் மின்னுவது. ஆனால் சட்டம் பழைய பொருளை விடவில்லை. 1860-ல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டத்தின் 425-ஆம் பிரிவு, பிறர் சொத்துக்கு வேண்டுமென்றே சேதம் விளைவிப்பதை ‘மிஸ்சீஃப்’ என்று வரையறுத்தது. வீட்டை அழிக்கத் தீவைப்பது 436-ஆம் பிரிவில் அதன் ஒரு வகை, ஆயுள் தண்டனை வரை போகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா 324-ஆம் பிரிவிலும் அதே சொல் இருக்கிறது. ‘ஷெனானிகன்ஸ்’ அப்படி எந்தச் சட்டப் பிரிவுக்குள்ளும் போகவில்லை. போயிருந்தால் அது தன் பயனை இழந்திருக்கும்.

அந்தப் பயன் தெளிவாகத் தெரிவது கணக்கியலில். அமெரிக்கன் பல்கலைக்கழகத்தில் கணக்கியல் கற்பித்த ஹோவர்ட் ஷிலிட், 1993-ல் ‘ஃபைனான்சியல் ஷெனானிகன்ஸ்’ என்ற நூலை வெளியிட்டார். நிறுவனங்கள் தங்கள் நிதிநிலையைச் சிங்காரித்துக் காட்டும் வழிகளை ஏழு வகையாகப் பிரித்தார். வராத வருமானத்தை வந்ததாக எழுதுவது, அடுத்த ஆண்டு வரவேண்டியதை இந்த ஆண்டிலேயே காட்டுவது, இந்த ஆண்டுச் செலவைப் பின்னுக்குத் தள்ளுவது, கடனை மறைப்பது என்று அந்தப் பட்டியல் போகிறது. முதலீட்டாளர்களும் தணிக்கையாளர்களும் படிக்கும் நூலுக்கு இப்படியொரு தலைப்பு ஏன்? ‘மோசடி’ என்று சொல்லப் பொய்யும் அறிந்தே செய்த எண்ணமும் நிறுவப்பட வேண்டும். ஷிலிட்டின் பட்டியலில் சில முறைகள் அப்பட்டமான மோசடி. சில, கணக்கியல் விதிகள் விட்டுவைத்த சந்துக்குள் நுழைந்து செல்பவை. வெளியில் நின்று ஆண்டறிக்கையைப் படிப்பவருக்கு எது எந்தப் பக்கம் என்று தெரியாது. ஏதோ சரியில்லை என்பது மட்டும் தெரியும். அந்த நிலையில் இருப்பவருக்கு வேறு சொல் கிடைப்பது கடினம்.

வேர்ல்ட்காம் விவகாரம் இதற்குப் பாடநூல் உதாரணம். பிற தொலைபேசி நிறுவனங்களின் கம்பிவழிகளைப் பயன்படுத்தியதற்கு அது கட்டணம் செலுத்திவந்தது. அந்தந்தக் காலாண்டில் செலவாகக் கழிக்க வேண்டிய தொகை அது. அதை மூலதனச் சொத்தாக எழுதிப் பல ஆண்டுகளுக்குப் பரப்பினார்கள். வாடகைக்குக் குடியிருப்பவர், கொடுத்த வாடகையை வீடு வாங்கிய கணக்கில் எழுதிக்கொள்வது போல. நஷ்டம் லாபமாகத் தெரிந்தது. உள்தணிக்கைத் தலைவர் சிந்தியா கூப்பரின் குழு இதைக் கண்டுபிடித்தது. 2002 ஜூனில் நிறுவனம் ஒப்புக்கொண்ட தொகை 380 கோடி டாலர், பின்னால் அது 1,100 கோடியாக வளர்ந்தது. தலைமை நிர்வாகி பெர்னார்ட் எபர்ஸுக்கு 2005-ல் 25 ஆண்டுச் சிறை. ஹைதராபாத்தின் சத்யம் நிறுவனத்தில் 2009 ஜனவரி 7 அன்று ராமலிங்க ராஜு எழுதிய கடிதமும் இதே பாதையைக் காட்டுகிறது. உண்மை லாபத்துக்கும் கணக்கில் காட்டிய லாபத்துக்கும் தொடக்கத்தில் சிறிதாக இருந்த இடைவெளி ஆண்டுதோறும் பெருத்து, இல்லாத ரொக்கம் 5,040 கோடி ரூபாய் என்று நின்றதை அவரே எழுதினார். 2015-ல் ஏழாண்டுச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சிறியதாக இருந்தபோது அந்த இடைவெளிக்கு யாரும் மோசடி என்று பேர் வைத்திருக்க மாட்டார்கள்.

இவை குற்றம் சாட்டுவோர் கையில் இச்சொல் செய்யும் வேலை. குற்றம் செய்தவர் தரப்புக்கும் இதே வகைச் சொற்கள் உதவும், அங்கேதான் எனக்கு இவற்றோடு மனத்தாங்கல். 1972 ஜூனில் வாட்டர்கேட் கட்டடத்தில் எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆட்கள் நுழைந்து பிடிபட்டபோது, வெள்ளை மாளிகையின் செய்தித் தொடர்பாளர் ரான் ஜீக்லர் அதை மூன்றாந்தரத் திருட்டு முயற்சி என்று ஒதுக்கினார். பத்திரிகைகளும் மாதக்கணக்கில் ‘வாட்டர்கேட் கேப்பர்’ என்றன. கேப்பர் என்றால் துள்ளல், சேட்டை. குடியரசுத் தலைவர் நிக்சனின் ஆட்கள் தேர்தலில் செய்த வேலைகளுக்கு ‘அழுக்கு விளையாட்டுகள்’ என்ற பொருளில் ஒரு பெயர் நிலைத்தது. போலிக் கடிதம் அனுப்பி எதிர்க்கட்சி வேட்பாளர்களின் பெயரைக் கெடுத்ததும் அதில் அடக்கம். 1974 ஆகஸ்டில் குடியரசுத் தலைவர் பதவி விலகும் அளவுக்குப் போன விஷயம், அதற்கு முந்தைய தேர்தலில் வாக்காளர்களை அசைக்கவே இல்லை. சேட்டை என்று பேர் வைத்ததும் அதற்கு ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தொண்ணூறுகளின் இறுதியில் சொல்லுக்குப் புது வேலை ஒன்று கிடைத்தது. 1998 செப்டம்பரில் ஒளிபரப்பான ‘சவுத் பார்க்’ கார்ட்டூன் தொடரின் ஒரு பகுதியில், திருவிழாக் கடைக்காரன் விளையாட்டில் ஏமாற்றியதாகச் சிறுவர்கள் ‘ஷெனானிகன்ஸ்’ என்று முறையிடுகிறார்கள். முறையீடு உறுதியானால் ஊரார் விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டும் என்பது அங்கே விதி. அதற்குப் பிறகு அமெரிக்க இளைஞர் பேச்சில் ஒருவர் சொல்வதை நம்பவில்லை என்று அறிவிக்க ‘ஐ கால் ஷெனானிகன்ஸ்’ என்பது சூத்திரம் போல ஆயிற்று. வர்ணிக்கும் சொல் குற்றம் சாட்டும் செயலாகவே மாறிவிட்டது. 1855-ல் ஏமாற்று ஒன்றும் இல்லையே என்று கேட்டவனின் குரலுக்கு இது வெகு தூரத்தில் இல்லை.

இத்தகைய சொற்கள் நீதிமன்றத்துக்குள் வருவது அபூர்வம். 2015 ஜூன் 25 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், ஒபாமாவின் மருத்துவக் காப்பீட்டுச் சட்டம் பற்றிய கிங் எதிர் பர்வெல் வழக்கில், நீதிபதி அன்டனின் ஸ்காலியா தன் சகாக்கள் சட்ட வாசகத்துக்குப் பொருள் கொண்ட விதத்தை ‘ஜிகரி போக்கரி’ என்றார். ஷெனானிகன்ஸுக்கு ஒன்றுவிட்ட உறவு, ஸ்காட்லாந்துப் பேச்சிலிருந்து வந்த சொல். பெரும்பான்மை நீதிபதிகள்மீது குற்றம் என்று எதையும் அவரால் சுமத்த முடியாது. அவர்கள் தவறு செய்யவில்லை என்று விட்டுவிடவும் மனமில்லை. அவர் எழுதியது மறுப்புத் தீர்ப்பு. ஆறுக்கு மூன்று என்ற கணக்கில் சட்டம் நிலைத்தது.